தா தி தா தி, தா தா தி தா

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அம்மா வேதாரண்யத்தில் தனியாக இருந்தாள். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மதுரையிலிருந்து பேசினேன். “காத்து ஆரம்பிச்சிருச்சு. மெழுகுவத்தி எடுத்து வச்சிருக்கேன். நீ தூங்கு” என்றாள். அதோடு சரி. அதன்பிறகு ஐந்து நாள் அவளிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. பக்கத்து வீட்டுக்கும், அடுத்த தெருவுக்கும், முக்கு மளிகைக் கடைக்கும் மாற்றி மாற்றி போன் போட்டேன். எந்த எண்ணுக்குப் போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே குரல்தான் வந்தது. மின்கம்பங்கள் விழுந்துவிட்டன, செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன, தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன என்று தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தோப்புகளில் எங்கள் தெரு இருக்கிறதா என்று திரையில் தேடிக்கொண்டே இருந்தேன்.

திருச்சியில் இருக்கும் தம்பி பைக்கில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். மரம் விழுந்த இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளி, கடைசியில் வண்டியை ஒரு வீட்டில் விட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்ந்தான். ஓடு பறந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து அம்மா நனைந்த அரிசியை உலர்த்திக்கொண்டிருந்தாளாம். திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி என்னை அழைத்தான். “அம்மா நல்லா இருக்காங்க” என்றான். மூன்றே வார்த்தை. அது என் காதுக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகியிருந்தது.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். அறிவியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். நாற்பது வயதில் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக நடத்தும் இருவழி வானொலிக்கு உரிமம் வாங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த வருஷக் கணக்கு முடிக்கிற சமயத்தில், ஓய்வூதியத்துக்கு வருமான வரிப் படிவம் போட வந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இந்த ஐந்து நாள் கதையைச் சொன்னேன். தந்தி ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ‘சார்’ என்றே சொல்கிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “அந்த ஊர்ல ஒரு செட்டும் ஒரு கார் பேட்டரியும் இருந்திருந்தா, உங்க மூணு வார்த்தை அன்னிக்கே வந்திருக்கும்மா” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் பாரதி பிரசாத் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு அந்தமானுக்குப் போனவர். அங்கிருந்து பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோ இயங்கவில்லை. அதனால் உலகம் முழுக்க இருந்து அவரோடு ஒரு தரம் பேசிவிட ஆட்கள் வரிசைகட்டி நின்றார்கள். போர்ட் பிளேயரிலிருந்து இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் குழுவின் காலடியில்தான் டிசம்பர் 26 காலை பூமி ஆடியது, சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவியை அவர்கள் அப்படியே பேரிடர்ச் செய்திகளுக்குத் திருப்பினார்கள். எந்தத் தீவில் யார் இருக்கிறார்கள், யார் பத்திரம் என்ற செய்திகள் அந்த வழியாக நிலப்பகுதிக்கு வந்தன. அதைச் சொல்லும்போது சாரின் குரல் கம்மிவிட்டது. தானும் அன்று 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

படிக்க ஆரம்பித்தேன். ஓம் விதி, மின்தேக்கி, ஒத்ததிர்வு எல்லாமே எனக்குப் புதுசு. ஆனால் ஒரு கணக்கு மட்டும் முதல் நாளே பிடித்துப்போனது. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 42 மீட்டர் சொச்சம், அதில் பாதி 21. கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடுவதால் நூற்றுக்கு ஐந்து கழித்தால் 20 மீட்டர். அந்த நீளத்துக்குக் கம்பியை வெட்டி, நடுவில் பிரித்து, ஒயர் இணைத்தால் அது ஆன்டெனா. பற்று வரவு பார்த்தே பழகிய எனக்கு, ஒரு வகுத்தல் கணக்கு மொட்டை மாடியில் நிஜக் கம்பியாகத் தொங்கும் என்பது பெரிய ஆச்சரியம்.

விதிகள் பகுதியும் எனக்குக் கஷ்டமாக இல்லை. சட்டப் பிரிவுகளைப் படிப்பதுதானே தொழில். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. பேசும்போது உரிமத்தோடு கொடுக்கும் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். யாரோடு, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்குப் பேசினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்தவர் செய்தியைச் சாதாரண நாளில் கடத்தக் கூடாது, இயற்கைச் சீற்றம் போன்ற நெருக்கடியில்தான் அதற்கு இடம் உண்டு. அந்தக் கடைசி விதியை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

தேர்வு 2019 டிசம்பரில், சென்னையில். பாண்டியனில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கிப் போனேன். எழுத வந்தவர்களில் பாதிப்பேர் பொறியியல் மாணவர்கள். என் பக்கத்து மேசையில் ஒரு பையன், அப்பா வெளியே காத்திருந்தார். பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம் என்பதால், பிறந்தநாள் முடிந்த கையோடு வந்திருந்தான். அவன் எனக்கு முன்னாலேயே எழுதி முடித்துவிட்டான். தேர்வு முடிந்து வெளியே வந்தபோது மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வழியாகப் போனேன். இந்தியாவில் வானொலி ஒலிபரப்பு முளைவிட்ட இடங்களில் சென்னையும் ஒன்று என்று சார் சொல்லியிருந்தார். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த வருஷம் ஜூலை 31இல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோக, கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930இல் மாநகராட்சி அதைத் தொடர்ந்தது. அரசு வானொலி வருவதற்கு முன்னால், ஆசைப்பட்ட சில பேர் தங்கள் கைக்காசில் செய்த காரியம். அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடங்கள் நடுவே ஏதோ சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது எனக்கு.

தேறிவிட்டேன். ஆனால் உரிமம் வர வெகுநாள் ஆனது. இடையில் வாடகை வீடு மாறினோம், முகவரிச் சான்றுகளை மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது, அதற்குள் ஊரடங்கும் வந்துவிட்டது. 2020 அக்டோபரில்தான் கைக்கு வந்தது. 20 வருஷத்துக்கு 1000 ரூபாய். வி.யு.3 என்று தொடங்கும் ஆறெழுத்து அழைப்புக் குறி. இது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, கீழ்ப்படி. மேல்படியான ஜெனரல் கிரேடுக்காரர்களுக்கு வி.யு.2 என்று தொடங்கும். மீதி மூன்று எழுத்தை இங்கே எழுதவில்லை. அலையில் கேட்டால் சொல்கிறேன்.

கையடக்க செட் ஒன்று வாங்கினேன். கொடைக்கானல் மலைமேல் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் அனுப்புவதை ஒரு அலைவரிசையில் வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் உரக்கத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால், மதுரை மொட்டை மாடியிலிருந்து மேற்கே திரும்பி நின்றால் ஐந்து வாட் போதும். பேசத் தெரியாமல் இல்லை. எல்லோரும் பேசுவதை ஒரு வாரமாகக் கேட்டாயிற்று. வி.யு.3ஐ அலையில் சொல்கிற மாதிரி விக்டர் யூனிஃபார்ம் த்ரீ என்று அடுப்படியிலேயே நூறு தரம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆனால் அந்தப் பொத்தானை அமுக்க விரல் வரவில்லை. போனில் நாம் ஒருவரை அழைக்கிறோம், அவர் எடுப்பார் அல்லது எடுக்க மாட்டார். இங்கே யார் என்றே தெரியாத ஊருக்கு நம் குரலை அவிழ்த்துவிடுகிறோம். எத்தனை பேர் கேட்கிறார்கள், யார் பதில் சொல்வார்கள், ஒருவரும் சொல்லாமலே போவார்களா, ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் சாயந்திரம் துணி எடுக்கப் போன சாக்கில் செட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அமுக்கினேன். அழைப்புக் குறியைச் சொன்னேன். விட்டேன். மலைமேல் ரிப்பீட்டர் ஒரு விநாடி ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விட்டு அடங்கியது. என் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு அந்த மூச்சுதான் அத்தாட்சி. கையில் ஈரத்துண்டோடு நின்றேன். மறுபடி ஒரு தரம் சொன்னேன்.

கரூரிலிருந்து ஒருவர் வந்தார். குரலை வைத்து அறுபதைத் தாண்டியவர் என்று தோன்றியது. என் அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்னார். அதைவிட இனிமையாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஹேண்டில் கேட்டார். இங்கே பேரை அப்படித்தான் சொல்வார்கள். க்யூ.டி.எச். கேட்டார், அது ஊர். சொன்னேன். “முதல் காண்டாக்டா? ரொம்ப சந்தோஷம் மேடம். ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பட்டனை அமுக்கின உடனே பேசுறீங்க, முதல் எழுத்து வெட்டுப்படுது. அமுக்கி, ஒரு விநாடி மூச்சு விட்டு, அப்புறம் பேசுங்க. ரிப்பீட்டர் முழிச்சுக்கணும்ல” என்றார். அந்த ஒரு விநாடி இப்போது என் பழக்கமாகிவிட்டது, போனில் பேசும்போதுகூட. பேசி முடித்ததும் பதிவேட்டில் முதல் வரி எழுதினேன். தேதி, நேரம், அலைவரிசை, அவர் அழைப்புக் குறி, சிக்னல் ஐந்துக்கு ஒன்பது (தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, இரண்டும் முழு மதிப்பெண்). தாளில் துண்டின் ஈரம் பட்டு மை கொஞ்சம் ஊறியிருக்கிறது, இன்றும்.

பெண்களுக்கு இந்த உலகத்தில் ஒய்.எல். என்று பெயர், யங் லேடி. எண்பது வயதானாலும் ஒய்.எல்.தான். ஆண்கள் எல்லோரும் ஓ.எம்., ஓல்ட் மேன், பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தாலும். எங்கள் ரிப்பீட்டரில் ஒய்.எல். குரல் அபூர்வம். முதல் சில நாள் நான் வந்தாலே எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதைதான், ஆனால் அது எனக்கு வேண்டாம் என்று பட்டது. வரிசையில் என் முறை வரும்போது பேசினால் போதும். ஒரு மாதத்தில் அவர்களும் பழகிவிட்டார்கள், நானும்.

வேதாரண்யம் என் மனசை விட்டுப் போகவில்லை. கொடைக்கானல் ரிப்பீட்டர் ஒரு மலைமேல் நிற்கும் ஒற்றைப் பெட்டி. புயலில் அதற்கே ஏதாவது ஆனால்? வானத்தையே ரிப்பீட்டராக வைத்துக்கொள்ளும் வழி சிற்றலை. தரைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் உயரே, சூரிய ஒளியில் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு அலையைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். வெளிநாட்டு செட் வாங்க என்னிடம் பணமில்லை. சார் அலமாரியிலிருந்து ஒரு பிட்எக்ஸ் 40 போர்டை எடுத்துக் கொடுத்தார், பேசவும் கேட்கவும் ஆகும் செட் அது. ஹைதராபாத்காரர் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே யாரும் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் முதலில் போட்ட வடிவத்தில், சுருளைச் சுற்ற குழாய் நைலான் வாஷரைப் பயன்படுத்தினார். அதைக் கேட்டபோதே அந்தப் பெட்டிமேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. பிட்எக்ஸ் 40 தருவது ஏழு வாட் சுமார். எங்கள் ஹாலில் எரியும் பல்பு ஒன்பது வாட்.

ஆன்டெனா கட்டிய நாளைச் சொல்ல வேண்டும். மகனும் நானும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டோம். உயரமாகக் கட்டினால் தூரம் போகும் என்று நான் படித்திருந்தேன், இரண்டாவது மூங்கிலை ஒட்டுப் போடலாமா என்று சாரிடம் கேட்டேன். “உனக்கு அமெரிக்கா வேணுமா, வேதாரண்யம் வேணுமா?” என்றார். “வேதாரண்யம் சார்.” “அப்ப தாழ்வாவே கட்டும்மா.” தரைக்குப் பக்கத்தில் கட்டிய கம்பி அலையை நேர் மேலே அனுப்பும். அது பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குக் குடை விரித்த மாதிரி இறங்கும். உயரக் கட்டினால் பக்கத்து ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். எனக்கு வேண்டியது குடைதான். பக்கத்துக்குப் பத்தரை மீட்டராகக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கத்தரித்தோம். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது கம்பி எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண், ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்றரை, கடைசியில் ஒன்று புள்ளி மூன்று. நறுக்கிய துண்டுகளை மகன் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

செட்டை ஓட்டினேன். குரலே இல்லை, ஒரே இரைச்சல். பழைய மோட்டார் அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அதற்கு அடியில் எங்கேயோ மனிதர்கள். செட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். சார் வந்து பார்த்துவிட்டு, “மெயினை இறக்கு” என்றார். செட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் அது நிற்கவில்லை. வீட்டில் மின்சாரம் போன அந்த நொடியில் கரகரப்பு பாதியாகக் குறைந்தது, திரையை விலக்கினாற்போல் மலையாளத்தில் இரண்டு பேர் பேசுவது தெளிவாகக் கேட்டது. குற்றவாளி வீட்டுக்குள்ளேதான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தோம். மாடிப்படி எல்.ஈ.டி. பல்பைப் போட்டதும் கரகரப்பு திரும்பி வந்தது. மீதிப் பாதிக்கு, பழைய சட்டைப்பை டிரான்சிஸ்டர் ஒன்றை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போனால் அலறியது. அந்த அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “என்னமோ ஆபத்துக்கு உதவும்னு சொல்றே, வந்து பாரேன்” என்று கதவைத் திறந்துவிட்டார். கேபிள் பெட்டியின் அடாப்டர். அதன் ஒயரை, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழு சுற்றுச் சுற்றினோம். அன்றிலிருந்து எனக்கு வானம் திறந்தது. நம் வீடுகளில் எவ்வளவு சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

காலை ஆறரைக்கு நாற்பது மீட்டரில், அதாவது அதே 7 மெகாஹெர்ட்ஸில், ஒரு நெட் நடக்கும். ஒருவர் வரிசையை நடத்துவார், மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். முதல் நாள் நான் அதற்குள் முறையில்லாமல் நுழைந்துவிட்டேன். இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது, அலைவரிசை காலி என்று நினைத்து அழைத்தேன். உண்மையில் மூன்றாவது ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், அவர் சிக்னல் என் கம்பிக்கு எட்டவில்லை. எனக்குக் கேட்காததால் யாரும் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். “ஃப்ரீக்வென்சி இன் யூஸ்” என்று ஒருவர் சட்டென்று சொன்னார். உடம்பே கூசிவிட்டது. செட்டை அணைக்கப் போனேன். அதற்குள் நெட் நடத்துபவர், “புது ஸ்டேஷன், மதுரை, இருங்க. உங்க முறை வரும்போது கூப்பிடறேன்” என்றார். பதினான்கு பேருக்குப் பிறகு கூப்பிட்டார். அன்று முதல் வாய் திறக்குமுன் ‘இந்த அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் காத்திருக்கிறேன். நமக்குக் கேட்காத ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம்.

அந்த நெட்டில் என்ன பேசுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். மதுரையில் மேகமூட்டம், ஈரோட்டில் வெயில், பாலக்காட்டில் தூறல், உங்கள் சிக்னல் ஐந்துக்கு எட்டு, சாப்பிட்டாச்சா, விடைபெற ஒரு செவன்ட்டி த்ரீ. இதற்கா இவ்வளவு பாடு என்று அவருக்குத் தோன்றியது நியாயம்தான். எனக்கும் முதலில் தோன்றியது. 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் நகராமல் நின்றபோது எனக்கு அதன் அர்த்தம் விளங்கியது. டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை. ராத்திரி முழுக்க செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தினமும் வானிலை சொல்லும் அதே குரல்கள். யாருடைய பேட்டரி எத்தனை மணி தாங்கும், யாருடைய சிக்னல் எந்தத் திசைக்கு நன்றாகப் போகும், யார் குரல் பலவீனமானால் யார் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் கேட்காமலே தெரிந்திருந்தது. தினம் காலை ‘மேகமூட்டம்’ சொல்லிச் சொல்லிப் போட்டு வைத்த பாதை அது. கடைசியில் புயல் வலுவிழந்தது, போன்கள் வேலை செய்தன, அம்மா இரண்டு தரம் பேசினாள். நான் செய்தது ஒன்றுமில்லை, கேட்டேன், எழுதி வைத்தேன்.

ஹாம் ரேடியோ பேரிடரில் எல்லோரையும் காப்பாற்றும் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கஜா சமயத்தில் தகவல் தெரியாமல் தவித்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கும், ஒரு ஊரில் ஒரு செட் இருந்து எத்தனை பேர் செய்தியைச் சுமக்கும்? ஆனால் மருத்துவமனைக்கு டீசல் இல்லை, இந்தத் தெருவில் ஆள் மாட்டியிருக்கிறது, குடிதண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று மாவட்ட நிர்வாகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய இருபது செய்திகளைச் சுமக்கும். அதற்கு அந்த ஊரில் செட் இருந்தால் மட்டும் போதாது, தினமும் காலை ஆறரைக்கு அதில் உட்காரும் ஒரு ஆள் வேண்டும். வேதாரண்யத்தில் அப்படி ஒருவரை உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை. தம்பி மகள் பத்தாவது படிக்கிறாள், லீவில் அவளை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மோர்ஸ் படிக்கிறேன், தந்தியில் பயன்பட்ட குறியீடு. ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். புள்ளியும் கோடுமாக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சார் அட்டவணையை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இது கண்ணுக்கு உள்ள சமாச்சாரம் இல்லம்மா, காதுக்கு உள்ளது. கணக்குப் போடாதே, தாளம் போடு.” மேசையில் விரலால் தட்டினார். தா தி தா தி, சி. தா தா தி தா, க்யூ. சி.க்யூ. என்றால் யாராவது இருக்கிறீர்களா, பேச வாருங்கள் என்று பொது அழைப்பு. ‘தா’ நீளம், ‘தி’ குறுக்கம். நம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, இங்கே ‘தா’வுக்கு மூன்று. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று மாத்திரை மௌனம், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஏழு. அந்த மௌனத்தைச் சரியாக விடுவதுதான் எனக்கு இன்னும் வரவில்லை. “நீ ஓடறே. வார்த்தைக்கு நடுவுல நின்னாதான் அவனுக்கு எழுத நேரம்” என்று தினமும் திட்டு.

சார் வேலைக்குச் சேர்ந்தபோது பீப் சத்தமே கிடையாதாம். சவுண்டர் என்று பித்தளையில் ஒரு சாதனம், டிக் டக் என்று தட்டும். இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் எழுத்து. இரைச்சலான ஹாலில் கேட்பதற்காக அதன் பின்னால் காலி டப்பா ஒன்றைச் சொருகி வைப்பார்களாம். கல்யாணம், சாவு, ‘ஸ்டார்ட் இம்மீடியட்லி’ எல்லாம் அந்த டப்பாவில் மோதித்தான் அவர் காதுக்கு வந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். அன்று ராத்திரி வீட்டில் செட்டைப் போட்டு, யார் என்றே தெரியாத ஒரு ரஷ்யக்காரரோடு மோர்ஸில் அரை மணி பேசினாராம். தந்திக்காரர்களின் பழைய எண் குறிகளில் ஒன்றுதான் நாங்கள் விடைபெறும்போது சொல்லும் 73. வாழ்த்துகள் என்று பொருள். ஆபீஸை மூடிவிட்டார்கள், அந்த எண் இன்னும் அலையில் போய்க்கொண்டிருக்கிறது.

மாசி மாதம் அம்மா மதுரைக்கு வந்து ஒரு வாரம் இருந்தாள். காலையில் என்னோடு மாடி அறையில் வந்து உட்கார்ந்துகொள்வாள், காப்பி டம்ளரோடு. யாரோ யாரையோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் நெட் முடிந்து அலைவரிசை ஓய்ந்த பிறகு, நான் ஒரு சி.க்யூ. கொடுத்தேன். ஃபோர் எஸ் செவன் என்று ஆரம்பித்து ஒருவர் வந்தார். இலங்கை. ஆங்கிலத்தில் ஊரும் பேரும் சொன்னேன். “தமிழோ?” என்றார் அவர். “எப்பிடி இருக்கிறியள்?” என்றார் அடுத்து.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “யாழ்ப்பாணத்து ஆளுடி” என்றாள் மெதுவாக. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோடியக்கரையில் வந்து இறங்கும் படகுக்காரர்களின் பேச்சு அது. பல வருஷமாகக் கேட்காத பேச்சு. பக்கத்தில் அம்மா இருப்பதையும், அவள் ஊர் வேதாரண்யம் என்பதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அலை ஏறி இறங்கியது. பிறகு, “அங்காலைதானே, கடலுக்கு அங்காலை. அம்மாவுக்கு என்ரை வணக்கம் சொல்லுங்கோ” என்றார். அம்மா அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினாள். சிக்னல் ஐந்துக்கு ஏழு, நான் ஏழு வாட் என்று சொன்னேன், அவரால் நம்ப முடியவில்லை. “வானிலை எப்பிடி அங்க?” என்று கேட்டார். மதுரை, வெயில் என்றேன். “இஞ்ச கிழக்கால இருட்டிக்கொண்டு வருது. மழை தொடங்கப் போகுது போல” என்றார். எழுபத்து மூன்று சொல்லிப் பிரிந்தோம்.

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து போய்ச் செல்போனை எடுத்தாள். மாமா வேதாரண்யத்தில் உப்பளத்தில் இருக்கிறார். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டி, முதல் உப்பை வாரிக் குவித்திருக்கும் நேரம்.

“தம்பி, குவியலைக் கீத்துப் போட்டு மூடிரு” என்றாள். “யாழ்ப்பாணத்துல இருட்டிக்கிட்டு வருதாம்.”